கண்டிப்பான ஆசிரியரிடம் ஜெர்மன்: 36 வயதில் தொடரலாமா, விடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். உங்களுக்கு 36 வயது. பல ஆண்டுகளாகச் செவிலியராக, அதிலும் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில், பணியாற்றியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் மாலை நேர வகுப்பில் சேர்ந்து, ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு மொழித் திறன் நிலைகளில் இரண்டாவதான ஏ2 நிலையை முடிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். வகுப்பு எடுப்பவர் மிகவும் கடுமையானவர். தவறாகப் பேசினால் எழுப்பி நிறுத்துகிறார், எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறார். அண்மையில் ஒரு நாள், "இந்த வயசுல இதெல்லாம் ஏறாது சிஸ்டர், வேற வழி பாருங்க" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் வகுப்பில் வாய் திறக்கவே தயங்குகிறீர்கள். வயதுதான் காரணமா, இப்படிப்பட்டவரிடம் கற்பதால் பயன் உண்டா, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெரியவர்களுக்குச் சென்னையில் பல ஆண்டுகளாக ஜெர்மன் கற்பித்து வருபவன் என்ற முறையில் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். வயது காரணம் அல்ல. கண்டிப்பும் தன்னளவில் கெடுதல் அல்ல. உங்களைப் போலத் தேர்வில் தேறி, அதன்பின் நோயாளிகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த மொழியைப் பேசப்போகிறவருக்குக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது நல்லதுதான். ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்தைக் கண்டிப்பு என்று சொல்ல முடியாது. அது உங்கள் ஜெர்மனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, உங்களைப் பற்றிச் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், அந்த வகுப்பில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது, எப்போது எழுந்து வெளியே வருவது என்பதெல்லாம் உங்களுக்கே தெளிவாகும்.

நீங்கள் குறிப்பிட்ட தவற்றையே எடுத்துக்கொள்வோம். "இன்று எனக்கு இரவுப் பணி" என்று சொல்ல நினைத்து, "ஹாய்டெ இஷ் ஹாபெ நாஹ்ட்டீன்ஸ்ட்" என்றீர்கள். சரியான வடிவம் "ஹாய்டெ ஹாபெ இஷ் நாஹ்ட்டீன்ஸ்ட்" என்பது. ஜெர்மன் மொழியில் சாதாரண வாக்கியத்தின் வினைச்சொல் எப்போதும் இரண்டாம் இடத்தில்தான் நிற்கும். முதலிடத்தை "இன்று" (ஹாய்டெ) என்ற சொல் பிடித்துக்கொண்டுவிட்டால், "நான்" (இஷ்) என்பது வினைக்கு (ஹாபெ) பின்னால் போயாக வேண்டும். தமிழ்நாட்டில் ஜெர்மன் கற்பவர்களில் அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு இது. நாம் ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஜெர்மனை அணுகுவதும், ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்பதும் இதற்குக் காரணம். இதைச் செய்ததற்காக ஒருவரை எழுப்பி நிறுத்துவதாக இருந்தால் வகுப்பு முழுவதுமே நின்றுகொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தவற்றை ஆசிரியர் மூன்று விதமாகக் கையாளலாம். மென்மையான ஆசிரியர் சிரித்த முகத்துடன், "ஆமாம், ஹாய்டெ ஹாபென் ஸீ நாஹ்ட்டீன்ஸ்ட், சரி, அடுத்தவர்" என்று திருத்திய வடிவத்தைத் தானே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மாணவருக்கு மனம் நோகாது. அதே சமயம் திருத்தம் நடந்ததே பல நேரம் தெரியாது. கண்டிப்பான ஆசிரியர், "நிறுத்துங்கள். வினைச்சொல் எந்த இடத்தில்?" என்று கேட்டு, மாணவர் தானாகச் சரியான வாக்கியத்தைச் சொல்லும் வரை விடமாட்டார்; அது கிடைத்ததும், "இப்போது 'நாளைக்கு' என்று தொடங்கிச் சொல்லுங்கள், இப்போது 'திங்கட்கிழமை' என்று தொடங்கிச் சொல்லுங்கள்" என்று அதே அமைப்பை மேலும் நான்கைந்து முறை வாங்குவார். வியர்த்துப் போகும், ஆனால் அந்த வாக்கிய அமைப்பு அன்றைக்கே நாக்கில் பதியும். மூன்றாமவர், "எத்தனை தடவை சொல்றது? இதுகூட வரலையா?" என்று கேட்டுவிட்டு, சரியான வடிவத்தை வாங்காமலே அடுத்தவரிடம் போய்விடுவார். இரண்டாமவரும் மூன்றாமவரும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம், இருவருமே சிரிப்பதில்லை. ஆனால் ஒருவர் உங்களைப் பேச வைக்கிறார், மற்றவர் உங்கள் பேச்சை நிறுத்துகிறார்.

மென்மை மட்டும் போதாது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ராய் லிஸ்டர், லைலா ரான்டா என்ற இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழியாகப் பயிலும் பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து, ஆசிரியர்கள் எப்படித் திருத்துகிறார்கள், மாணவர்கள் அதற்கு எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்று வரிவரியாக ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டனர். ஆசிரியரே சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு நகரும் மென்மையான முறைதான் திருத்தங்களில் பாதிக்கு மேல் இருந்தது. மாணவர்களிடமிருந்து மிகக் குறைவான எதிர்வினை கிடைத்ததும் அதற்குத்தான். சரியான வடிவத்தை மாணவரிடமிருந்தே கேட்டு வாங்கும் முறைக்கு ஒவ்வொரு முறையும் மாணவர் ஏதேனும் ஒரு வகையில் பதில் தந்தார். அவை குழந்தைகளின் வகுப்புகள். இலக்கணத்தில் கவனம் வைக்கும் பெரியவர்கள் மென்மையான திருத்தத்தையும் ஓரளவு கவனித்துக்கொள்கிறார்கள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் என் வகுப்பறை அனுபவம் அந்த முதல் முடிவின் பக்கமே நிற்கிறது: தவற்றின் மேல் நின்று நிதானித்து, மாணவரின் வாயிலிருந்தே சரியானதை வரவழைக்கும் ஆசிரியரிடம் படித்தவர்கள்தான் பி1 நிலையில் தடுமாறாமல் பேசுகிறார்கள். அதனால், திருத்துகிறார் என்பதற்காக யாரையும் விட்டு விலகாதீர்கள்.

இனி அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவருக்குக் கருத்துச் சொல்வது எப்போதுமே முன்னேற்றத்தைத் தரும் என்று நாம் நினைக்கிறோம். அவ்ராஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிஸி ஆகியோர் இதைப் பற்றிய பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், அப்படிச் சொல்லப்பட்ட கருத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறனைக் குறைத்தன என்று கண்டார்கள். அவர்கள் தந்த விளக்கம் உங்கள் நிலைக்கு அப்படியே பொருந்துகிறது: சொல்லப்படும் கருத்து வேலையின் மேல் கவனத்தைத் திருப்பும்போது பலன் தருகிறது, அது ஆளின் மேல், அவருடைய திறமை, மதிப்பு ஆகியவற்றின் மேல் கவனத்தைத் திருப்பத் திருப்பப் பலன் குறைகிறது. "வினைச்சொல் எந்த இடத்தில்?" என்ற கேள்வி உங்கள் கண்ணை வாக்கியத்தின் மேல் வைக்கிறது. "இந்த வயசுல ஏறாது" என்ற பேச்சு அதை வாக்கியத்திலிருந்து பிடுங்கி உங்கள் மேலேயே வைத்துவிடுகிறது. அதன்பின் அந்த மாலை முழுவதும் நீங்கள் ஜெர்மன் படிக்கவில்லை, உங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டியது 2019-இல் லாரன் எஸ்கிரைஸ்-விங்க்லர், அயெலெட் ஃபிஷ்பாக் இருவரும் வெளியிட்ட ஆய்வு. இரண்டே விடைகள் கொண்ட கேள்விகளைக் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்று தவறு என்று தெரிந்தால் மற்றது சரி என்று தானாகவே தெரிந்துவிடும். ஆகவே "சரி" என்று சொன்னாலும் "தவறு" என்று சொன்னாலும் கிடைக்கும் தகவல் ஒன்றுதான். அப்படியிருந்தும், "தவறு" என்று சொல்லப்பட்டவர்கள் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள். மனம் காயப்பட்டதும் அவர்களின் கவனம் விலகிவிட்டது. ஆனால் வேறொருவர் தவறு செய்வதைப் பார்த்தபோது அந்த இழப்பு இல்லை. இதைப் படித்தபோது வகுப்பறையில் அடிக்கடி கண்ட ஒன்று எனக்கு விளங்கியது. கடுமையாகத் திட்டப்படுபவர் மறுநாளும் அதே தவற்றைச் செய்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் செய்வதில்லை. "அந்த ஆசிரியர் திட்டித் திட்டித்தான் எனக்கு மொழி வந்தது" என்று பெருமையோடு சொல்பவர்களில் ஒரு பகுதியினர், அடுத்தவர் திட்டு வாங்கும்போது பாடம் கற்றவர்களாக இருக்கக்கூடும் என்று நான் நினைக்கிறேன்.

இது ஏன் மொழி வகுப்பில் மட்டும் இவ்வளவு வலிக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். எலைன் ஹோர்விட்ஸ் மற்றும் அவருடன் பணியாற்றிய இருவர் 1986-இல் அயல்மொழி வகுப்பறைப் பதற்றத்தை அளப்பதற்கென்றே 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். கணக்குப் பாடத்திலோ வரலாற்றுப் பாடத்திலோ நாம் அறியாத செய்திகளைக் கற்கிறோம், ஆனால் அதைக் கற்கும்போதும் நாம் நாமாகவே பேசுகிறோம். அயல்மொழி வகுப்பிலோ, விவரம் தெரிந்த ஒரு முழு மனிதர் தன் விவரத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அரைகுறை வாக்கியங்களில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வைத்த வாதத்தின் சாரம். உங்கள் வார்டில் ஒரு நோயாளியின் மூச்சு மாறினால் மருத்துவர் வருமுன்பே என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் மாலை ஆறரை மணிக்கு வகுப்பில் எழுந்து நின்று, "எனக்குத் தலை வலிக்கிறது" என்று சொல்லத் தடுமாறுகிறார். இருபது வயதில் கல்லூரி முடித்து வரும் பெண்ணுக்கு இழக்க அப்படி ஒரு பெயர் இன்னும் சேரவில்லை, அதனால் அவள் பிழையாகவே பேசிக்கொண்டு போய்விடுகிறாள். நீங்கள் அமைதியாகிவிடுகிறீர்கள். பெரியவர்கள் பின்தங்குவதாகத் தோன்றுவதற்கு இந்த அமைதி ஒரு பெரிய காரணம், அதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை.

நீங்களே உங்கள் ஜூனியர்களுக்கு நரம்பில் ஊசி ஏற்றக் கற்றுக்கொடுத்திருப்பீர்கள். கோணம் தவறினால் அந்தக் கணமே கையைப் பிடித்து நிறுத்தியிருப்பீர்கள், விட்டுக்கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் நோயாளியின் படுக்கையருகே வைத்து, "உனக்கு இந்த வேலை வராது" என்று சொல்லியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அடுத்த முறை அவளுடைய கை நடுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மொழியில் நடுங்குவது நாக்கு. அவ்வளவே வேறுபாடு.

இப்போது வயதைப் பற்றி. ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், ஜோஷுவா டெனன்பாம், ஸ்டீவன் பிங்கர் ஆகிய மூவரும் இணையவழித் தேர்வு மூலம் ஏறக்குறைய 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். இலக்கணத்தைக் கற்கும் திறன் ஏறத்தாழ 17 வயது வரை குறையாமல் இருந்து, அதன்பின் குறையத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்டது. இதை வைத்து, "பார்த்தீர்களா, வயதானால் மொழி வராது" என்று சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் உங்கள் வகுப்பை எண்ணிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 24 வயதுப் பெண்ணும் அந்த எல்லையைத் தாண்டியவர்தான். உங்கள் ஆசிரியர் மேசையைச் சுற்றி இருக்கும் எவருமே அந்த எல்லைக்கு உள்ளே இல்லை. மேலும், அந்த ஆய்வு பேசுவது தாய்மொழியாகப் பேசுபவரைப் போன்ற இலக்கணத் துல்லியத்தை அடைவது பற்றி. உங்களுக்குத் தேவை பி2. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் செவிலியர் தகுதி அங்கீகாரத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படும் நிலை அதுதான், அதை நாற்பதுகளில் அடைந்தவர்களை எனக்கு நேரில் தெரியும்.

தொடக்கக் கட்டத்தில் பெரியவர்கள் குழந்தைகளைவிட வேகமாகவே கற்கிறார்கள் என்பதற்கும் பழைய சான்று உண்டு. நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற, ஆங்கிலம் பேசும் குடும்பங்களைப் பின்தொடர்ந்த காத்தரின் ஸ்னோ, மரியன் ஹூஃப்னாகல்-ஹூலெ ஆகியோரின் 1978-ஆம் ஆண்டு ஆய்வில், முதல் சில மாதங்களில் முன்னணியில் இருந்தவர்கள் பதின்பருவத்தினரும் பெரியவர்களும்தான், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். பெரியவர்களுக்கு விதியைச் சொன்னால் புரியும், ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும், எதற்காகக் கற்கிறோம் என்ற தெளிவும் இருக்கும். புதிய சொற்களை நினைவில் நிறுத்த நீங்கள் இளையவர்களைவிடச் சற்று அதிகமாகத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கலாம், அதை மறுக்கவில்லை.

உண்மையில் உங்களைப் பின்னுக்கு இழுப்பது நேரம் என்று நினைக்கிறேன். ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வுகளும் நடத்தும் கதே நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 45 நிமிடப் பாட வேளைகளைக் கணக்கிட்டால், ஏ2 நிலையை எட்ட 200 முதல் 350 வேளைகளும், பி2 நிலையை எட்ட மொத்தமாக 600 முதல் 800 வேளைகளும் தேவைப்படும். அதாவது நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஏறக்குறைய 400 அல்லது 450 வேளைகள், மணிக்கணக்கில் 300 முதல் 340 வரை. வாரத்துக்குப் பத்து மணி நேர வகுப்பு என்றால், ஒரு நாளும் தவறாமல் வந்தால்கூட எட்டு மாதங்கள் ஆகும். நீங்களோ சுழற்சி முறையில் இரவுப் பணி பார்ப்பவர். அந்த வாரங்களில் வகுப்புக்கு வருவதில்லை. வந்தாலும் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். விட்டுப்போன வேளைகளை உங்கள் ஆசிரியர் வயதின் கணக்கில் எழுதிவிட்டார் என்பதே என் கணிப்பு. இரவுப் பணி வாரங்களில் வகுப்பை ஒலிப்பதிவு செய்து தருமாறு கேளுங்கள், அல்லது காலை வகுப்பில் அந்த வாரம் மட்டும் உட்கார அனுமதி கேளுங்கள். டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் பாடங்களும், மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளும் பேருந்தில் கேட்பதற்கு நல்லவை.

உங்கள் தாய்மொழி உங்களுக்குத் தரும் உதவியையும் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். "எனக்கு இன்று இரவுப் பணி இருப்பதால்" என்ற தொடரில் வினை கடைசியில் நிற்கிறது. ஜெர்மனிலும் காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில், "வைல் இஷ் ஹாய்டெ நாஹ்ட்டீன்ஸ்ட் ஹாபெ" என்று வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதற்கு மாதக்கணக்கில் தவிப்பார். நீங்கள் ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துத் தமிழில் நினைத்தால் அது இயல்பாக வரும். குறில் நெடில் வேறுபாட்டில் வளர்ந்த காதுக்கு, நாடு என்று பொருள்படும் "ஷ்டாட்" என்பதும், நகரம் என்று பொருள்படும் "ஷ்டட்" என்பதும் வேறு வேறாகவே கேட்கும். எட்டு வேற்றுமை படித்தவருக்கு நான்கு வேற்றுமை என்ற கருத்தே புதிதாக இராது. சிரமம் எங்கே என்றால், பெயர்ச்சொல்லின் பால் பிரிவில். தமிழில் பொருளைப் பார்த்தால் பால் தெரியும். ஜெர்மனில் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். ஊசிக்கு "டீ ஷ்ப்ரிட்ஸெ", கட்டுக்கு "டேர் ஃபெர்பண்ட்", படுக்கைக்கு "தாஸ் பெட்" என்று பெண்பால், ஆண்பால், அலிப்பால் மூன்றும் ஒரே கட்டிலருகே கிடக்கும். இதற்கு ஆசிரியர் எத்தனை முறை நிறுத்தித் திருத்தினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சொல்லோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. உங்கள் ஆசிரியர் பேசுவதில் வாக்கியத்தைப் பற்றியது எது, ஆளைப் பற்றியது எது என்று அந்த இடத்திலேயே பிரித்து, முதலாவதை மட்டும் எழுதுங்கள். ஒரு தனி நோட்டில் இடப்பக்கம் நீங்கள் சொன்ன பிழையான வாக்கியம், நடுவில் சரியான வாக்கியம், வலப்பக்கம் அதே அமைப்பில் உங்கள் வார்டைப் பற்றி நீங்களே ஆக்கிய இன்னொரு வாக்கியம். "ஹாய்டெ ஹாபெ இஷ் நாஹ்ட்டீன்ஸ்ட்" என்பதற்கு எதிரே, "இன்று காலை நோயாளி எதுவும் சாப்பிடவில்லை" என்பதை ஜெர்மனில் எழுதிப் பாருங்கள். வினை இரண்டாம் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். திட்டை எழுதாதீர்கள். கையில் பேனாவும் கண்ணில் வாக்கியமும் இருக்கும்போது மனம் தன் மேல் திரும்பக் கிடைக்கும் நேரம் குறைகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் காட்டிய சிக்கலுக்கு இதுவே நடைமுறை மருந்து.

அதோடு, திருத்தப்பட்டவுடன் உட்கார்ந்துவிடாமல் ஒரு வாக்கியம் சொல்லப் பழகுங்கள்: "டார்ஃப் இஷ் டேன் ஸாட்ஸ் நோஹ் ஐன்மால் ஸாகென்?" அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லட்டுமா என்று பொருள். எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் ஜெர்மனிலேயே இப்படி அனுமதி கேட்கும் மாணவரை மறுக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. வகுப்பு கவனிக்கும் கடைசி வாக்கியம் உங்கள் பிழையாக இல்லாமல், உங்கள் சரியான வாக்கியமாக இருக்கும்.

அடுத்தது அவரிடம் தனியாகப் பேசுவது. நம் ஊரில் ஆசிரியரிடம் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது, அதனால் மாணவர்கள் பேசாமலே நின்றுவிடுகிறார்கள். குறையாகச் சொல்லாமல் வேண்டுகோளாகச் சொல்லலாம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, "சார், நீங்க திருத்துறது எனக்கு ரொம்ப உதவியா இருக்கு. எவ்வளவு தடவ வேணாலும் நிறுத்துங்க. ஆனா வயசப் பத்தி எல்லார் முன்னாடியும் சொன்னதுல இருந்து எனக்குப் பேச வாய் வரல. பேசலன்னா நீங்க திருத்தவும் முடியாது" என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், ஏனென்றால் அது அவருடைய வேலையின் மொழியிலேயே அவரிடம் பேசுகிறது. பல ஆசிரியர்கள் தாங்கள் கற்ற விதத்திலேயே கற்பிக்கிறார்கள். தேர்வு நாள் நெருங்கும் நேரத்தில், எத்தனை பேர் தேறினார்கள் என்று நிர்வாகம் கேட்கும் நெருக்கடியில், வாய் தவறுகிறது. சொன்னால் திருந்துபவர்கள் நான் அறிந்தவரை கணிசமானவர்கள். அவர்களுடைய தரப்பைச் சொல்வது அந்தப் பேச்சை நியாயப்படுத்துவதற்காக அல்ல, பேசிப் பார்ப்பதில் பலன் இருக்கிறது என்று நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக.

பேசிய பிறகு இரண்டு வாரம் உங்களையே கவனியுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் நீங்களாகக் கை தூக்கிப் பேசினீர்களா, கேட்கப்பட்டபோது முழு வாக்கியம் வந்ததா என்பதை மட்டும் பாருங்கள். ஆசிரியர் சிரித்தாரா என்று பார்க்க வேண்டாம். நீங்கள் பேசும் அளவு கூடினால், அவர் முகம் எப்படி இருந்தாலும் அங்கேயே இருங்கள். அது குறைந்துகொண்டே போனால், அவர் எவ்வளவு பெரிய புலமை உள்ளவராக இருந்தாலும் அந்த வகுப்பு உங்களுக்கு உதவவில்லை. வயது, ஊர், உச்சரிப்பில் தெரியும் சாதி அடையாளம், குடும்ப நிலை ஆகியவற்றைத் தொட்டுப் பேசுவது தொடர்ந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்றை மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் தேர்ச்சியைத் தீர்மானிப்பவர் அவர் அல்ல. கதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 மதிப்பெண் வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம். பேசும் பகுதியை இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சுமார் 15 நிமிடம், வழக்கமாக இன்னொரு தேர்வருடன் சேர்ந்து நடக்கும். முதல் கட்டமே அவரோடு சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவதுதான். ஆகவே வகுப்புத் தோழி ஒருவரோடு வாரம் இரண்டு முறை தொலைபேசியில் ஜெர்மனில் மட்டும் பேசிப் பழகுங்கள். ஆசிரியர் இல்லாத அந்த இடத்தில்தான் உங்கள் தயக்கம் முதலில் கரையும்.

விலகுவது என்று முடிவு செய்தால் அவசரப்படாமல் விலகுங்கள். உங்கள் வகுப்புக் கட்டணத்தை முகவர் நிறுவனம் எதுவும் கட்டியிருந்தால், இடையில் நின்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஜெர்மன் மொழிப் பயிற்சியுடன் செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும் அறிவிப்புகளை வெளியிட்டிருக்கிறது, அதையும் விசாரியுங்கள். புதிய வகுப்பில் சேருமுன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மாணவர் பிழை செய்யும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்: ஆசிரியர் திருத்தாமல் விட்டால் அங்கே சேராதீர்கள், திருத்தி, அந்த மாணவரின் வாயிலிருந்தே சரியானதை வாங்கினால், எவ்வளவு கறாராக இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள்.

மாறுவதற்கு ஏற்ற இடம் ஏ2 முடிந்து பி1 தொடங்கும் இடம். பாடநூல்கள் நிலைவாரியாகப் பிரிந்திருப்பதால் அங்கே மாறினால் படித்ததையே மறுபடி படிக்க வேண்டியிராது. நிலையின் நடுவில் மாறினால் புதிய வகுப்பு எந்தப் பாடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில வாரங்கள் வீணாகும். உங்களுக்கு ஏ2 முடியும் தறுவாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே அவரிடம் பேசிவிடுங்கள், மீதமுள்ள வகுப்புகளில் கவனித்துப் பாருங்கள், பி1 கட்டணத்தை எங்கே கட்டுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.